கை நனைக்காத சம்பந்தி

பங்குனி கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, உப்போடைப்பட்டி ரேஷன் கடையில் பாமாயில் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கண்மாய்க்கரை வழியாக ஓர் ஓநாய் நடந்து வந்து, அவசரப்படாமல், யாரையும் இடிக்காமல், வரிசையின் கடைசியில் நின்றது. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஓரடி நகர்ந்து இடம் விட்டார்கள், பிறகு மறுபடியும் தங்கள் பைகளைப் பார்க்கத் தொடங்கினார்கள், ஏனென்றால் பாமாயில் தீர்ந்துவிட்டால் இனி அடுத்த மாதம்தான், ஓநாய் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. அதன் முறை வந்ததும் கடையில் இருந்த பெண் பழக்க தோஷத்தில் கார்டைக் கேட்டாள். கார்டு இல்லை என்றது ஓநாய். வயதான பெட்டை, ஒரு காதில் பாதி இல்லை, வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. "எங்க பக்கத்துல இருந்து உங்க பக்கம் ஒண்ணைக் குடுத்திருந்தோம். குடுத்து ரொம்ப நாளாச்சு. அதோட வகையறாவெல்லாம் எப்படி இருக்குன்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றது.

ரேஷன் கடைக்கு எதிரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவன் நான். ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன், கேட்டேன். ஓநாய் பேசுமா என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். பேசியது. எங்கள் ஊர்ப் பேச்சுத்தான், இரண்டொரு சொல் மட்டும் பழசாக இருந்தது. வாயில்லாப் பூச்சிகளோடு வருஷக்கணக்கில் குடும்பம் நடத்திய எங்களுக்கு, வாயுள்ள ஓநாய் ஒன்றும் பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. எது எப்போது கொடுக்கப்பட்டது என்பதைப் பள்ளிக்கூட வாத்தியார்தான் விளக்கினார். நாய் என்பதே ஓநாய் வீட்டிலிருந்து மனிதன் வீட்டுக்கு வந்த ஒன்று, வந்து பதினைந்தாயிரம் வருஷத்துக்குக் குறையாது என்றார். இத்தனை நாள் வந்து எட்டிப் பார்க்கவில்லையே என்று யாரோ குறைப்பட்டதற்கு, அந்தக் காலத்தில் பஸ் ஏது என்று இன்னொருவர் சமாதானம் சொன்னார்.

வீடு தேடி வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். செம்பில் கொண்டு வந்து வைத்தார்கள். ஓநாய் குனிந்து தண்ணீரைப் பார்த்தது, வெகுநேரம் பார்த்தது, பிறகு முன்னங்காலால் செம்பை மெதுவாக ஒதுக்கி வைத்தது. அந்த ஓர் அசைவில் ஊர்த் தலைவர் அய்யலுசாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள், மகள் வயிற்றில் ஒரு பிள்ளை பிறக்கும் வரை சம்பந்தி வீட்டில் கை நனைப்பதில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல், வெயிலோடு வந்து வெயிலோடு போவார்கள். ஆக இது பெண் கொடுத்த வீடு, நாம் பெண் எடுத்த வீடு, வந்திருப்பது சம்பந்தி. அய்யலுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, வாங்க மதினி என்று ஓநாயைக் கும்பிட்டார். பின்னால் நின்ற ஊரும் கும்பிட்டது. கையில் பஞ்சர் பசையோடு நானும் கும்பிட்டேன்.

நாய்கள்தாம் வருஷத்துக்கு இரண்டு தடவை குட்டி போடுகின்றனவே, பேரன் பேத்திகளுக்கு என்ன குறைச்சல், இன்னுமா கை நனைக்கக் கூடாது என்று சிலர் கேட்டார்கள். பிள்ளை பிறந்த சேதியை நாம் எப்போதாவது சொல்லி அனுப்பினோமா என்று அய்யலுசாமி திருப்பிக் கேட்டார். பதினைந்தாயிரம் வருஷமாக ஒரு சேதிகூடச் சொல்லி அனுப்பாத மாப்பிள்ளை வீடாக இருந்திருக்கிறோம் என்று ஊருக்கே வெட்கமாகப் போய்விட்டது. மத்தியானம் வனத்துறையிலிருந்து ஓர் ஆள் பைக்கில் வந்து இறங்கினார். இந்தத் தாலுகாவில் ஓநாய் அற்றுப்போய் நாற்பது வருஷம் ஆகிறது, ஆகவே அங்கே உட்கார்ந்திருப்பது ஓநாயாக இருக்க வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டு, டீ குடித்து, பின் டயருக்கு என்னிடம் காற்று அடித்துக்கொண்டு போனார்.

ஊர் மந்தையில், மோட்டார் ரூமை ஒட்டிய வேப்பமர நிழலை ஓநாய் தங்குவதற்கு ஒதுக்கினார்கள். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றிலிருந்து வீடு வீடாக வந்து பார்க்கலாம் என்று முடிவாயிற்று. நல்லா இல்லாத பிள்ளை ஏதாவது இருந்தால் கூட்டிக்கொண்டு போகலாமா என்று ஓநாய் கேட்டது. தாராளமாகக் கூட்டிப் போங்கள் என்றார் அய்யலுசாமி. எங்கள் ஊர்க் கட்டு அதுதான், பிறந்த வீட்டு ஆள் ஊர் முன்னால் நின்று வாரியா என்று கேட்டு, பெண் தன் வாயால் வாரேன் என்று சொல்லிவிட்டால், குறுக்கே எவனும் கை நீட்டக் கூடாது, நீட்டினவனை ஊர் சேர்க்காது. அவர் தாராளமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவருக்குத் தெரிந்து, அவர் அப்பாவுக்குத் தெரிந்து, எந்தப் பெண்ணும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த மூன்று நாளும் ஊரில் நாய்களுக்குத் தீபாவளிதான், வெடிச்சத்தம் இல்லாத தீபாவளி. எழுபத்தொரு நாய்களையும் பிடித்து வந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்கள், காதுக்குள் இருந்த உண்ணிகளைப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டார்கள், சொறிக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார்கள், கல்லெறி பட்ட இடங்களில் மயிரைச் சீவி மறைத்தார்கள். போன கார்த்திகையில் கொதிக்கிற வடிகஞ்சியை நாயின் முதுகில் ஊற்றியவர், தழும்புக்குக் காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய் தடவினார். பாதி நாய்களுக்குப் பெயரே கிடையாது, பிள்ளை பேர் என்ன என்று சம்பந்தி கேட்டால் என்ன சொல்வது என்று ஒரே நாளில் அத்தனைக்கும் பெயர் வைத்தார்கள். அவசரத்தில் ஒரே தெருவில் நாலு ராணி வந்துவிட்டது. பெண் வீட்டார் வருகிறார்கள் என்றால் மருமகளைக் குளிக்கச் சொல்லி, நல்ல சேலையைக் கொடுத்து, நாற்காலியில் உட்கார வைக்கிற ஊர் எங்களுடையது. அந்தக் கலை எங்களுக்குக் கைவந்தது. நாய்க்கும் அதைத்தான் செய்தோம்.

இதில் பெரும்பாடு பட்டது கொண்டல்சாமி வீட்டில்தான். கொண்டல்சாமி ஊருக்கு மேற்கே கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவன். அவன் பெண்டாட்டி சீனித்தாய், பதினொரு வருஷத்துக்கு முன்னால் வாக்கப்பட்டு வந்தபோது, அவள் பிறந்த ஊர் வழக்கப்படி சீர்வரிசையோடு கன்னி சாதி நாய்க்குட்டி ஒன்றும் கூட வந்தது. பெயர் மயிலை. குத்துவிளக்கு, பித்தளை அண்டா, கட்டில் எல்லாவற்றுக்கும் பின்னால், கழுத்தில் சிவப்பு நாடா கட்டி, அது தானே நடந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். சீனித்தாய்க்கு ஒரு மகள் பிறந்து, பவுனு என்று பெயர் வைத்து, நாலு வயசு வரை வளர்ந்து, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐந்து நாள் காய்ச்சலில் செத்துப்போனது. அந்த ஐந்து நாளும் மயிலை வாசலில் படுத்து ஊளையிட்டது. நாய் ஊளையிட்டுத்தான் எமனைக் கூப்பிட்டது என்று மாமியார் ஆவுடைத்தாய் சொன்னாள், கொண்டல்சாமி ஆமாம் என்றான், கருமாதி முடிந்த மறுநாள் மயிலையைப் பண்ணைக்குக் கொண்டுபோய் நிழலில்லாத வேலிக்காலில் சங்கிலியால் கட்டினான். சீனித்தாய் பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை போனதிலிருந்து அவளுக்கு எல்லாமே மரத்துப்போயிருந்தது. ஒரு நாள் தோசைக்கல்லில் கை வைத்துவிட்டு, கருகிய வாடை வந்த பிறகுதான் எடுத்தாள் என்று என் வீட்டுக்காரி சண்முகக்கனி சொன்னாள்.

அவளுடைய அண்ணன் ஒரே ஒரு தடவை வந்தான். பிள்ளை செத்து வருஷம் திரும்பியிருந்தது. ஆவுடைத்தாய் கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்துக் கொடுத்துக் கட்டச் சொன்னாள், நாற்காலியில் உட்கார வைத்தாள், அக்கம்பக்கத்தில் நாங்களும் வந்து நின்றோம். எப்படிம்மா இருக்க என்று அண்ணன் கேட்டான். நல்லா இருக்கேன் என்றாள். அண்ணனுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அது போதுமாக இருந்தது. அவன் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துப் போனவன்தான். அதற்குப் பிறகு சீனித்தாய் தினமும் மத்தியானம் ஒரு சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போவதும், மயிலை தின்று முடிக்கும் வரை பக்கத்தில் நிற்பதும், திரும்பி வருவதும்தான். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதில்லை. ஆனாலும் பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான், அதற்கும் வயசாகிவிட்டது, சங்கிலி அறுத்துக் கழுத்தில் புண் வைத்துவிட்டது, இந்தக் கோடையைத் தாண்டாது என்று பண்ணைக்குப் போய் வருகிற எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஓநாய் கீழத் தெருவில் தொடங்கியது. பின்னாலேயே ஊரும் போனது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, குளித்துப் பொட்டு வைத்து நிற்கிற நாயை முகர்ந்து பார்த்து, எப்படி இருக்க என்று கேட்டது. அது கேட்டால் நாய்கள் பதில் சொன்னது எங்களுக்குப் புரிந்தது, எங்கள் பேச்சில், சின்னக் குரலில். நல்லா இருக்கேன் என்றது முதல் ராணி. நல்லா இருக்கேன் என்றது இரண்டாவது ராணி. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தப்பட்டு வாலை இழந்த நாய், இல்லாத வாலை ஆட்ட முயன்றுகொண்டே நல்லா இருக்கேன் என்றது. முதுகு வெந்த நாய் எண்ணெய் மினுங்க நின்று நல்லா இருக்கேன் என்றது. என் வீட்டு வாசலுக்கும் ஓநாய் வந்தது. எங்கள் நாய் நான் டயர் லீவரால் அடித்ததில் ஒரு காலைத் தூக்கித்தான் நடக்கும், கோபத்தில் செய்தது, அப்புறம் வருத்தப்பட்டேன். அதுவும் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு நல்லா இருக்கேன் என்றது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற சண்முகக்கனி சிரித்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ஓநாய் கொஞ்ச நேரம் காத்து நின்றது, வேறு ஏதாவது வரும் என்பது போல. வராது என்று தெரிந்ததும் அடுத்த வாசலுக்கு நடந்தது. எங்கள் ஊருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, நம்மை மாதிரி பெண்ணை வைத்துக் காப்பாற்றுகிற ஊர் உண்டா என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் மோட்டார் ரூமில் தண்ணீர் பிடிக்கப் பத்துப் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். அதில் சண்முகக்கனியும் உண்டு, அதனால்தான் அங்கே நடந்தது பிற்பாடு எனக்குத் தெரிந்தது, அன்றைக்கு அந்தப் பெண்களில் ஒருத்தியும் வீட்டு ஆம்பிளைகளிடம் வாயைத் திறக்கவில்லை. சீனித்தாய் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனாளாம். மூன்று வருஷமாகத் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவள், ஓநாய்க்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாளாம்.

"ஆத்தா, இதுக எல்லாம் ஏன் ஒரே பேச்சாப் பேசுது?"

"சாப்பிட்ட வாயி, தாயி. அப்படித்தான் பேசும்."

"நீ சம்பந்தி முறைக்காகத்தான் தண்ணி குடிக்காம இருக்கன்னு சொல்லுதாக."

முறையும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொன்னதாம் ஓநாய். உங்கள் ஆட்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள், மறுத்துப் பேச எனக்குத் தெம்பு இல்லை. ஒருத்தர் கையால் வாங்கிக் குடித்துவிட்டால் நானும் இங்கேயே தங்கிவிடுவேன், இந்த வயசில் அது ரொம்ப லேசு, அதற்குப் பயந்துதான் விடியும் முன்னால் உப்போடைப் பள்ளத்தில் போய் நக்கிக்கொள்கிறேன் என்றதாம். பிறகு அந்தப் பழைய கதையைச் சொன்னதாம். எங்கேயோ குளிர்காட்டில் ஓர் ஓநாய்த் தாய் குட்டி போட்டுவிட்டுச் செத்துப்போனது. பக்கத்தில் தங்கியிருந்த மனிதக் கூட்டத்தில் ஒருத்திக்குப் பிள்ளை செத்துப்போயிருந்தது. மாரில் பால் கட்டி, வலி தாங்காமல் உட்கார்ந்திருந்தவள் மடியில், பசியோடு அலைந்த குட்டி போய் வாயை வைத்தது. அவள் தள்ளவில்லை.

"நாங்க ஒண்ணும் குடுக்கல, தாயி. கூப்பிடத்தான் போனோம். குட்டி எங்களப் பாத்து, நான் நல்லா இருக்கேன், நீங்க போங்கன்னுருச்சு. கூப்பிடப் போயி வெறுங்கையோட திரும்புனதத்தான், குடுத்தோம்னு சொல்லிக்கிடுதோம்."

"அது சொன்னது நெசமா?"

"அப்ப நெசம். அவ அப்படித்தான் வச்சிருந்தா. பின்னால வந்ததுக எல்லாம் அதையே சொல்லிப் பழகிருச்சுக. உப்பத் தின்ன வாயில வேற சொல்லு வராது. மூணு நாளு அந்த வீட்டுச் சோறு உள்ள போகாம இருந்தா, பெறகு வரும். யாரு இருக்கா அப்படி?"

குடங்கள் நிறைந்து தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை என்று சண்முகக்கனி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீனித்தாய் வழக்கம்போலச் சட்டியில் சோற்றோடு பண்ணைக்குப் போனாள், மயிலை எழுந்து நின்றது, அவள் சோற்றைக் கோழிகளுக்குக் கொட்டினாள். உப்போடைப் பள்ளத்திலிருந்து உடைந்த வாளியில் தண்ணீர் மொண்டு வந்து வைத்தாள், ஓடைத் தண்ணீர் எவன் வீட்டுத் தண்ணீரும் இல்லை. மயிலை தண்ணீரைக் குடித்துவிட்டு வெறும் சட்டியை நக்கிப் பார்த்தது. திங்கட்கிழமையும் அதேதான். நாயைப் பட்டினி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை, வைராக்கியம் எல்லாம் இல்லை, சும்மா இறங்கவில்லை, பசியும் தெரியவில்லை. எல்லாருக்கும் பரிமாறினாள், தன் தட்டைக் கழுவி வைத்தாள். ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை. பானையில் சோறு மிஞ்சுகிறதே, அளந்து போடத் தெரியாதா என்று ஆவுடைத்தாய் மட்டும் ஏசினாள். செவ்வாய்க்கிழமை மயிலையால் எழுந்து நிற்க முடியவில்லை. தப்புப் பண்ணுகிறோமோ, தன் கையாலேயே கொன்றுவிடுவோமோ என்று அவளுக்குப் பயம் வந்தது. சோற்றுச் சட்டியை நாய் வாயருகே கொண்டுபோய்விட்டாள். இதைத் தின்றால் நாளைக்கும் இங்கேதான் இருக்கும், சாகும் வரை இருக்கும், தன்னோடு இருக்கும். அந்த ஆசை அவளுக்கு இருந்தது. சட்டியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

புதன்கிழமை காலை மேலத் தெருவின் கடைசி வீடாகக் கொண்டல்சாமி வீட்டுக்கு ஓநாய் வந்தது. மயிலையை முந்தின நாள் சாயங்காலமே பண்ணையிலிருந்து தூக்கி வந்து குளிப்பாட்டி, வாசலில் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். கழுத்துப் புண் தெரியாமல் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். விருந்தாள் வருகிற வீடு என்பதால் சீனித்தாய்க்கும் பட்டுச் சேலையைக் கொடுத்துக் கட்டச் சொல்லி, ஆவுடைத்தாய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். எழுபது நாய்களும் நல்லா இருக்கின்றன, இது ஒன்று பாக்கி, இதையும் முடித்துவிட்டுச் சம்பந்தியை மேளத்தோடு வழியனுப்பலாம் என்று தப்புக்காரர்களைக்கூட வரவழைத்திருந்தார் அய்யலுசாமி.

"எப்படி இருக்க?" என்றது ஓநாய்.

கொண்டல்சாமி, சொல்லு, சொல்லு என்று நாக்கால் சத்தம் கொடுத்தான். ஓநாய் எல்லா வாசலிலும் நின்றது போல இங்கேயும் காத்து நின்றது.

"கழுத்து வலிக்குது" என்றது மயிலை.

அது வயசான நாய், புத்தி பிசகிவிட்டது என்று சிரிக்கப் பார்த்தான் கொண்டல்சாமி. கூடச் சிரிக்க ஆள் சேரவில்லை. சீனித்தாய் குனிந்து மாலையைக் கழற்றினாள். கழற்றிய இடத்தைப் பார்த்துவிட்டு, முன்வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். மற்ற நாய்களும் வேறு பக்கம் பார்த்தன.

"வாரியா?" என்றது ஓநாய்.

"வாரேன்."

கொண்டல்சாமி நாயைப் பிடிக்கக் கையை நீட்டினான். அய்யலுசாமி வேண்டாம் என்று தலையசைத்தார். அவருக்கும் இது பிடிக்கவில்லைதான், ஆனால் ஊர் முன்னால் கேட்டாயிற்று, ஊர் முன்னால் சொல்லியாயிற்று, வாய் திறந்து அவரே சொன்ன கட்டு. பிறந்த வீட்டு ஆள் கூப்பிட்டு அது சம்மதித்த பிறகு குறுக்கே கை நீட்டாதே என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். மயிலை எழுந்தது, முன்னங்கால் ஒரு தடவை மடங்கியது, சமாளித்து நின்றது, ஓநாய்க்குப் பின்னால் நடக்கத் தொடங்கியது. அடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தப்புக்காரர்கள் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சீனித்தாய் மாலையைப் பிடித்தபடி இருந்த இடத்திலேயே நின்றாள், அண்ணன் பஸ் ஏறப் போனபோது நின்ற மாதிரி, முகத்தில் ஒன்றும் இல்லாமல்.

தெரு முனையில் மயிலை நின்றது. திரும்பியது. வந்த வழியே மெள்ள நடந்து வந்து சீனித்தாய்க்கு எதிரில் நின்று, பிறந்த வீட்டில் மட்டுமே அவளைக் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிக் கேட்டது.

"சீனி, நீ எப்படி இருக்க?"

அவள் வாயைத் திறந்தாள். அந்தப் பதில்தான் வரப்போகிறது என்று நாங்கள் காத்திருந்தோம், ஆவுடைத்தாய் தலையைக்கூட ஆட்டிவிட்டாள். மூன்று நாள் அந்த வீட்டுச் சோறு தின்னாதவள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

"நல்லா இல்ல" என்றாள் சீனித்தாய். "நான் நல்லா இல்ல மயிலை. எம்பிள்ள செத்துப்போச்சு. யாருமே கேக்கல."

அப்புறம் அவள் அழுதாள். பவுனு பவுனு என்று பேர் சொல்லி, மூன்று வருஷத்துக்கு முன்னால் அழுதிருக்க வேண்டியதை, நடுத் தெருவில் பட்டுச் சேலையோடு நின்று அழுதாள். அவள் அழுது அடங்கும் வரை மயிலை காத்திருந்தது, தெரு முனையில் ஓநாயும் காத்திருந்தது.

"வாரியா?" என்றது மயிலை.

கேட்டது நாய்தானே என்று கொண்டல்சாமி பாய்ந்தான். ஆனால் அந்த நாய் யார் வீட்டிலிருந்து, யாரோடு, எந்தச் சீரில் நடந்து வந்தது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், பிறந்த வீட்டு ஆள் என்றால் அவளுக்கு அதுதான் ஆள். அய்யலுசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கடைசியில் அவர் ஒன்றும் சொல்லாமலேயே கொண்டல்சாமியின் கை தானாகக் கீழே இறங்கியது. வாரேன் என்று சொல்லிவிட்டுச் சீனித்தாய் நடந்தாள். ஓநாய் முன்னாலும், மயிலை நடுவிலும், செருப்பில்லாத காலோடு அவள் பின்னாலுமாகக் கண்மாய்க்கரை ஏறி இறங்கி மறைகிற வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். தப்புக்காரர்கள் அடிக்காமலேயே கிளம்பிப் போனார்கள்.

நானும் கடையைத் திறந்து இரண்டு பஞ்சர் ஒட்டிவிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். வழியில் எல்லா வீட்டிலும் திறந்திருந்த கதவுகள் வழியாக ஆம்பிளைகள் மட்டும் குனிந்து சாப்பிடுவது தெரிந்தது. சண்முகக்கனி எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், அப்பளம் வைத்தாள், எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். நீ சாப்பிடலையா என்று கேட்டேன்.

வேண்டாம் என்றாள்.